தென்னார்க்காட்டில் சாத்தானுக்கு வந்த பெயர்கள்

திண்டிவனத்திலிருந்து மேற்கே செஞ்சியைக் கடந்தால் மேல்மலையனூர். அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சலில் எழுந்தருளும்போது, பேய் பிடித்தவர்கள் என்று கருதப்படுவோரை உறவினர் அங்கே கூட்டிவருவது வழக்கம். 1990களின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்தில் களப்பணி செய்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், அங்கு ஓட்டப்படும் பேய்களில் பெரும்பாலானவை ஆசை தீராமல் அகாலமாக இறந்த இளைஞர்களின் ஆவிகள் என்று மக்கள் நம்புவதைப் பதிவுசெய்தார். அந்தப் பேய்க்கு ஊர் உண்டு, பெயர் உண்டு, செத்ததற்கு ஒரு காரணமும் உண்டு. கிறித்தவ மறை பேசும் ஆவிக்குரிய எதிரியோ இறந்த மனிதன் அல்லன். கடவுளுக்கு எதிராக எழுந்து வீழ்ந்த தூதன். வெவ்வேறான இவ்விருவரும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கிறித்தவரின் பேச்சில் பிசாசு என்ற ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். இது நேர்ந்த வழியைத் தேடுவதே இக்கட்டுரை.

எபிரேயத்தில் சாத்தான் என்பது முதலில் பொதுச்சொல். எதிர்த்து நிற்பவன், குற்றம் சாட்டுபவன் என்று பொருள். யோபு நூலில் அவன் கடவுளின் அவைக்குள்ளேயே நின்று வழக்காடுகிறான். தாவீது மக்களைக் கணக்கெடுத்த நிகழ்ச்சியை 2 சாமுவேல் நூல் கடவுளின் சினத்தோடு சேர்த்துச் சொல்கிறது. காலத்தால் பிந்திய 1 நாளாகமம் அதையே சாத்தானின் தூண்டுதல் என்கிறது. எதிரி கடவுளிடமிருந்து மெல்லப் பிரிந்து தனியாளாக வளர்ந்த வரலாற்றை இந்த இரண்டு நூல்களுக்கு இடையிலேயே பார்க்கலாம்.

கிரேக்கம் இங்கே ஒரு வேறுபாட்டைக் காத்தது. தியாபொலோஸ் ஒருவன், தைமோனியா பல. முன்னது தலைமை எதிரி, பின்னவை மனிதரைப் பற்றும் ஆவிகள். ஆனால் அதே கிரேக்கம் இன்னொரு வாசலையும் திறந்துவிட்டது. பிற இனத்தாரின் தெய்வங்களை எபிரேயத் திருப்பாடல் 96 பயனற்றவை என்ற பொருள்படும் சொல்லால் குறிக்க, கிரேக்க மொழிபெயர்ப்பு அவற்றைத் தைமோனியா என்றது. சிலைகளுக்கு இடும் பலி அந்த ஆவிகளுக்கே போகிறது என்று கொரிந்தியருக்கு எழுதினார் பவுல். பயனற்றது என்றால் அஞ்ச வேண்டியதில்லை. தீய ஆவி என்றாலோ எதிர்த்துப் போரிட வேண்டும். தமிழகத்துக்கு வந்த மறைப்பணியாளர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் பொருளையே கொண்டுவந்தார்கள்.

அவர்கள் வந்தபோது தமிழ்ச் சொற்கள் காலியாக இல்லை. காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டவர். அங்கே பேய் இறைவனின் அடியார். அலகை என்ற சொல் குறளிலேயே உண்டு (850). வடமொழி வழியே வந்தது பிசாசு. இவற்றைவிட வியப்பானது சாத்தன் என்ற பெயர். ஐயனாருக்கு அது பழம்பெயர். ஊர் எல்லையில் குதிரையோடு நின்று தீய ஆவிகளை விரட்டும் காவல் தெய்வத்தின் பெயருக்கும், எபிரேயத்திலிருந்து வந்த எதிரியின் பெயருக்கும் ஒலியில் ஒரு நெடில்தான் வேறுபாடு. பிறப்பால் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

தரங்கம்பாடியில் மறைப்பணியாளர் சீகன்பால்க் 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபை எழுதி முடித்தார். ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன் என்று ஊர்த்தெய்வங்களை வரிசைப்படுத்தி, இவை பேய்களிடமிருந்து காப்பவை என்று மக்கள் சொல்வதையும் அவர் குறித்துக்கொண்டார். அந்நூல் 1867இல்தான் அச்சேறியது. காவலுக்கு நின்ற அத்தெய்வங்களையே பின்னாளைய கிறித்தவப் பேச்சு பிசாசு என்று அழைத்தது.

திண்டிவனத்தின் சீர்திருத்தக் கிறித்தவம் ஆர்க்காடு மிஷன் வழி வந்தது. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் அமைத்த அந்த மிஷனின் தாய்ச்சபை அமெரிக்க டச்சு மரபைச் சேர்ந்தது. ஊரில் இன்றும் வால்டர் ஸ்கடர் பெயரில் பள்ளி நடக்கிறது. அம்மரபின் ஹைடல்பர்க் ஞானோபதேசம் (1563) பிசாசு, உலகம், சொந்த மாம்சம் என எதிரிகளை மூன்றாக்குகிறது. எதிரியில் ஒரு பங்கு மனிதனுக்குள்ளேயே இருக்கிறது என்ற இந்தப் போதனையை நான் மிக ஆழமானதாகக் கருதுகிறேன். ஆனால் 1876–78 பஞ்சத்தின்போதும் அதையடுத்தும் தென்னார்க்காட்டுச் சேரிகளிலிருந்து மிஷன்களை நாடிவந்த மக்களுக்கு, உள்ளிருக்கும் எதிரியைவிட வெளியே இருந்த எதிரியே முதலில் காட்டப்பட்டது. பாட்டி பொங்கல் வைத்த குலதெய்வம் ஒரே நாளில் பிசாசானது. ஒரு குடும்பம் தன் முன்னோரைப் பற்றிப் பேசும் மொழியையே அது மாற்றிவிட்டது.

வேதாகமமும் இதற்குத் துணை நின்றது. ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு, தியாபொலோஸ், தைமோனியா இரண்டையும் பெரும்பாலும் பிசாசு என்றே தந்தது. 1611இன் ஆங்கில வேதாகமமும் அப்படித்தான் செய்திருந்தது. ஆனால் தமிழில் அதன் விளைவு பெரிது. ஏனென்றால் இங்கே பிசாசு என்றதும் புளியமரமும் தூக்குக் கயிறும் நினைவுக்கு வரும்.

பள்ளியும் மருத்துவமனையும் பெருகப் பெருக, மிஷன் சபைகளின் படித்த தலைமை பேயோட்டுவதிலிருந்து விலகியது. எளிய விசுவாசிகள் விலகவில்லை. சென்னைப் புராட்டஸ்டண்டுகளிடையே இதே பிளவைக் கண்ட மானிடவியலாளர் லயனல் கப்ளன், செய்வினை, ஏவல், பேய் ஆகியவற்றைப் பற்றிய அச்சத்துக்குப் பெந்தெகொஸ்தே சபைகள் மேடை தந்ததை 1985இல் எழுதினார். இந்த வட்டாரத்தில் பேயோட்டும் விடுதலைக் கூட்டங்களுக்கும் அவர் சொன்னது பொருந்தும். மிஷன் சபை காதுகொடுக்காத துயரத்துக்கு அங்கே காதுகொடுத்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் துயரம் அங்கேயும் பிசாசு என்ற ஒரே பெயரைத்தான் பெற்றது.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு தியாபொலோஸை அலகை என்றும், தைமோனியாவைப் பேய் என்றும் பிரித்தது. கர்த்தர் கற்பித்த செபத்தில் தீமை என்றிருந்த இடத்தில் தீயோன் என்று எழுதியது. கிரேக்க மூலம் இரு பொருளுக்கும் இடம் தருகிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சீர்திருத்த சபை வீடுகளில் இன்றும் வாசிக்கப்படுவது பழைய மொழிபெயர்ப்புதான். அதை மாற்றச் சொல்லவில்லை. ஞாயிறு பள்ளியில் பிசாசு என்ற சொல் வரும் இடத்தில், மூலத்தில் இருப்பது ஒருவனா பலவா என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்களுடைய கொள்ளுப்பாட்டி விளக்கேற்றிய எல்லைக்கல் இந்த இரண்டில் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.