பன்னிரண்டு போர் கண்ட துவக்கு

சின்ன வயதில் வயல் பக்கம் போகும்போது, பன்றிக் காவலுக்கு நிற்பவர் தோளில் கிடக்கும் துவக்கைக் காட்டி வாப்பா சொல்வார்: "அது பன்னிரண்டு போர்." நான் அதை அப்படியே நம்பினேன். பன்னிரண்டு யுத்தம் கண்டு வந்த துவக்கு! கூட்டாளிமாரிடம் அந்தப் பெருமையைச் சொல்லியும் திரிந்தேன். அது நம்முடைய போர் அல்ல, குழலின் துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்று விளங்க நாலைந்து வருடம் எடுத்தது.

சென்ற கிழமை தரம் 11இல் முதலாம் உலகப் போர் பாடம். ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், த்ரீ நோட் த்ரீ எண்டு சொல்றாங்களே, அது எதன்ட கணக்கு?" மணி அடித்துவிட்டது. அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். மனம் கேட்கவில்லை. அதுதான் இந்த நீளமான பதிவு.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பித்தளைக் கோது, அதற்குள் மருந்து, அடியில் தட்டினால் தீப்பிடிக்கும் கேப்பு, நுனியில் குண்டு. இந்த நாலும் சேர்ந்தது தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும். பெயர்க் குழப்பத்தில் பாதி, நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாததால் வருவது.

பன்னிரண்டு போரின் கணக்கு இதுதான். ஒரு றாத்தல் ஈயத்தை எடுத்துச் சம எடையுள்ள 12 உருண்டையாக வார்த்தால், ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்தும். துளை ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். 20 உருண்டையாக வார்த்தால் உருண்டை சிறுக்கும், குழலும் ஒடுங்கும். அதனால்தான் இலக்கம் கூடக் கூடத் துவக்கு சின்னதாகிறது. விளங்கிவிட்டது என்று நினைக்கும்போது 410 என்ற ஒல்லித் துவக்கு குறுக்கே வரும். அது ஒரு றாத்தலில் 410 உருண்டை அல்ல. 0.410 அங்குலத் துளை. ஒரே கடை அலுமாரியில் இரண்டு கணக்கு.

இனி மாணவன் கேட்ட 303. பிரித்தானியர் 1888இல் லீ-மெற்போர்ட் றைபிளோடு கொண்டுவந்தது. 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீற்றர். இரண்டு உலகப் போரிலும் பிரித்தானியப் படைகள் சுட்டது இதைத்தான். நம் நாட்டிலும் பொலிஸார் நீண்ட காலம் தோளில் சுமந்தது இதுதான். ஆனால் அந்தத் தோட்டாவின் குண்டை அளந்து பாருங்கள், 0.303 வராது. சுமார் 0.311 வரும். ஏன்? றைபிள் குழலுக்குள் திருகாணிபோலப் புரி வெட்டியிருக்கும். புரி வெட்டுவதற்கு முன் இருந்த துளை 0.303. குண்டோ புரியின் பள்ளம் வரைக்கும் நிறைய வேண்டும், ஆகவே தடிப்பு கூட. பிரித்தானியர் துளையைப் பெயராக வைத்தார்கள். அமெரிக்கரின் 308 வின்செஸ்டரில் பெயர் குண்டின் தடிப்பு. அதே அமெரிக்கரின் 300 சவேஜ் என்ற தோட்டாவில் இருப்பதும் அதே 0.308 குண்டுதான்!

அமெரிக்கர் பெயர் வைத்த விதத்தை ஒழுங்குபடுத்தவே முடியாது. 45-70 என்றால் 0.45 அங்குலத் துளைக்கு 70 கிறெயின் கருமருந்து. 30-30 என்றால் 30 கிறெயின் புகையில்லா மருந்து. அப்படியானால் 30-06 என்பது ஆறு கிறெயினா? இல்லை. அது 1906ஆம் ஆண்டு. 250-3000 இல் உள்ள 3000 மருந்துமல்ல, ஆண்டுமல்ல. குண்டு விநாடிக்கு 3000 அடி பறக்கும் என்று 1915இல் செய்த விளம்பரம்.

எனக்கு மிகவும் பிடித்த கூத்து வேறொன்று. 218, 219, 220, 221, 222, 223, 225 என்று ஏழு அமெரிக்கத் தோட்டாக்கள் உண்டு. கோது வேறு, நீளம் வேறு. ஒன்றைப் போட வேண்டிய துவக்கில் மற்றதைப் போட ஏலாது. ஆனால் குண்டின் தடிப்பு ஏழிலும் 0.224 அங்குலம். ஏழு பெயரிலும் அந்த 224 மட்டும் இல்லை.

இந்தப் பெயர்களை அளவு என்று நம்பாமல், வைத்தவன் எதை நினைவில் நிறுத்த விரும்பினான் என்பதற்கான பதிவாக வாசிக்க வேண்டும். ஒருவனுக்குத் துளை முக்கியம், ஒருவனுக்கு மருந்து, ஒருவனுக்கு ஆண்டு, ஒருவனுக்கு வியாபாரம். போயர் போரில் பிரித்தானியர் 303 உடன் போனார்கள். எதிரே நின்ற போயர்கள் ஜெர்மன் மௌசர் றைபிளால் 7×57 தோட்டாவைச் சுட்டார்கள். பிடிபட்ட போயர்களில் ஆயிரக்கணக்கானோரை 1900இல் நமது தியத்தலாவை முகாமுக்குக் கப்பலேற்றி அனுப்பியதும் அந்தப் போரில்தான். சில வருடம் கழித்து, லண்டனில் றிக்பி என்ற துவக்குத் தயாரிப்பாளர் அதே எதிரித் தோட்டாவை 275 என்ற ஆங்கிலப் பெயரில் விற்றார். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கோர்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது அந்த 275 றிக்பிதான். குண்டோ 0.284 அங்குலம். ஒரு தோட்டாவுக்கு மூன்று இலக்கம்.

சிரிக்க முடியாத குழப்பமும் உண்டு. ஜெர்மனி 1888இல் எடுத்த 8 மில்லிமீற்றர்த் தோட்டாவின் குண்டு 0.318 அங்குலம். 1905இல் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது தடிப்பு 0.323 ஆகியது. கோது பார்வைக்கு அதேதான். இரண்டையும் 8×57 என்றே அழைத்தார்கள். வித்தியாசம் ஒரு கடதாசித் தாளின் தடிப்பைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் தடித்த குண்டைப் பழைய ஒடுங்கிய குழலில் சுட்டால் அமுக்கம் ஏறி, துவக்கு சுடுபவனின் முகத்துக்கு முன்னாலேயே வெடிக்கலாம். பிரித்தறிய ஓர் எழுத்துச் சேர்த்தார்கள். கூர்முனைக்கு எஸ். பழையதற்கு, காலாட்படையைக் குறிக்கும் ஐ. பழைய ஜெர்மன் அச்சில் ஐயும் ஜேயும் ஒன்றுபோலவே இருக்கும். வெளிநாட்டவர் அதை ஜே என்று வாசித்து, அந்தப் பிழையே பெயராக நிலைத்துவிட்டது. இந்த ஆபத்துக்குப் பயந்து அமெரிக்க நிறுவனங்கள் 8 மில்லிமீற்றர் மௌசர்த் தோட்டாவுக்கு இன்றும் வலுக் குறைத்தே மருந்து அடைக்கின்றன.

கடைசியாக, நம் ஊர் ஆட்கள் எல்லோருக்கும் காதில் விழுந்த 7.62. இது எங்கிருந்து வந்தது? பழைய ரஷ்ய அளவில் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு ஒரு 'கோடு'. 1891இல் அவர்கள் எடுத்த மொசின் றைபிளின் பெயரே 'மூன்று கோட்டு றைபிள்'. மூன்று கோடு 0.3 அங்குலம், அது 7.62 மில்லிமீற்றர். அமெரிக்கரின் 0.30 அங்குலமும் அதேதான். ஆகவே இரு பக்கத்துத் தோட்டாவுக்கும் ஒரே இலக்கம் விழுந்தது.

எண்பதுகளில் நம் நாட்டு இராணுவத்திடம் இருந்த எஸ்.எல்.ஆர். சுட்டது 7.62×51. பின்னர் எங்கும் கண்ட டி-56 சுடுவது 7.62×39. பெருக்கல் குறிக்குப் பின்னால் வருவது கோதின் நீளம். ஒன்று மற்றதில் ஏறாது. குண்டின் தடிப்புக்கூட ஒன்றல்ல. ஆனால் அந்தக் காலப் பத்திரிகைச் செய்திகளை எடுத்துப் பாருங்கள், 7.62 தோட்டா, 7.62 கோது என்று மட்டும் இருக்கும். எந்தத் துவக்கு என்பதை அந்த இலக்கம் சொல்லாது. யார் கையில் எந்தத் துவக்கு இருந்தது என்பதே கேள்வியாக இருக்கும் இடத்தில், விட்டுப்போன அந்த 39ம் 51ம்தான் சாட்சி. பழைய செய்தித்தாள் வெட்டுகளை வைத்து ஊர் வரலாறு எழுதப் புறப்பட்டிருக்கும் நம் இளைஞர்களுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். தோட்டம் கொத்தும்போது உண்மையான தோட்டாவே கிடைத்தால், கையில் எடுத்து நீளம் பார்க்க வேண்டாம். பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவனைப் பள்ளிவாசல் முன்றலில் கண்டேன். 303இன் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப சேர், பேருக்கும் அளவுக்கும் சம்பந்தமே இல்லாட்டி, கடைக்காரன் எப்பிடி எடுத்துக் குடுப்பான்?" என்றான். தோட்டாவின் அடியில் குத்தியிருப்பதையும் துவக்குக் குழலில் குத்தியிருப்பதையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துத்தான் என்றேன்.