தஞ்சோங் துவான் வரை வந்த வெட்டு

மலாக்கா மாநில வரைபடத்தைத் திரையில் விரித்தால் அது ஒரே துண்டாக இருக்காது. பெரிய நிலம் ஒரு பக்கம்; லிங்கி ஆற்றுக்கு அப்பால், போர்ட்டிக்சன் கரையில், நெகிரி செம்பிலானுக்குள் தனியாக ஒரு சின்னத் துண்டு. அதுதான் தஞ்சோங் துவான். காடும் கலங்கரை விளக்கமும் உள்ள அந்தக் குன்றும் மலாக்காவுக்கே சொந்தம். இப்படிப்பட்ட எல்லையைக் கத்திரியாக வைத்து ஒரு தோட்டத்தின் வடிவத்தைக் கணினியில் வெட்டும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு.

1974-ல் ஐவன் சதர்லாந்தும் கேரி ஹாட்ஜ்மனும் ஒரு வழி சொன்னார்கள். நிலம் அளப்பவர்கள் எல்லைக்கல் பார்த்து நடப்பதைப் போன்றதுதான் அது. வெட்டும் எல்லையை வேலி என்று வைத்துக்கொள்வோம். வேலியின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வடிவத்தை மூலை மூலையாகச் சுற்றி வர வேண்டும். உள்ளேயே நடந்தால் போய்ச் சேரும் மூலையைக் குறிக்க வேண்டும். வெளியேறினால் வேலியைத் தாண்டிய புள்ளியை மட்டும். வெளியிலேயே இருக்கும்வரை ஒன்றும் வேண்டாம். திரும்பி வந்தால் தாண்டிய புள்ளி, அப்புறம் மூலை. கிடைத்ததை அடுத்த பக்கத்திடம் கொடுத்துவிடலாம். செவ்வகத் திரைக்கு நான்கே சுற்று. எவ்வளவு எளிமை!

ஆனால் ‘ப’ என்ற எழுத்தின் அடிக்கோட்டை இந்த முறையில் வெட்டிப் பாருங்கள். இரண்டு கால்கள் தனித்தனியாக நிற்க வேண்டும். அதற்குப் பதிலாக, வெட்டிய இடத்தில் அகலமே இல்லாத ஒரு கோடு இரண்டையும் இணைத்துக்கொண்டு கிடக்கும். ‘ப’ குட்டையான ‘ப’வாகவே இருக்கும். வண்ணம் பூசினால் கோடு தெரியாது. துண்டுகளை எண்ணினால் கணக்குத் தப்பும். வேலி உள்வளைந்தாலோ முறையே செல்லாது. மலாக்காவின் எல்லையோ வளைந்து நெளிந்தது.

1977-ல் வெய்லரும் ஆதர்டனும் நடையை மாற்றினார்கள். வேலியைத் தொட்டதும் அதன் மேலேயே திரும்பி நடந்து, புறப்பட்ட இடத்துக்கு வந்தால் ஒரு துண்டு முடிந்தது, பிறகு அடுத்தது. 1992-ல் பாலா வாட்டி கீழிருந்து மேலாக வரி வரியாகத் துடைத்துப் போகும் முறையைத் தந்தார். ஓட்டை உள்ள வடிவம், தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் வடிவம், எதுவானாலும் சரி. அதை அடிப்படையாக வைத்து ஆங்கஸ் ஜான்சன் எழுதிய ‘கிளிப்பர்’ நிரல்தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது; முப்பரிமாண அச்சு மென்பொருள்களிலும் அது இருக்கிறது. இந்தத் தாராளம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

லிங்கி ஆற்றின் இரு கரையிலும் செம்பனை நிற்கும் ஒரு தோட்டத்தை வரைந்து, கிளிப்பரைக் கொண்டு மலாக்கா எல்லையால் வெட்டினேன். அக்கரைப் பகுதி விழுந்துவிட்டது. மேலே தஞ்சோங் துவான் தன் இடத்திலேயே நின்றது. ஆற்றின் குறுக்கே ஒரு கோடும் இல்லை.