கைலாசபதியின் வீரயுகக் கோட்பாடு: ஒரு மறுநோக்கு

தமிழ்த் திறனாய்வைச் சமூக வரலாற்றோடு பிணைத்தவர்களுள் ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி (1933-1982) முதன்மையானவர். 'ஒப்பியல் இலக்கியம்' (1969), 'அடியும் முடியும்' (1970) முதலிய நூல்களால் அவர் தமிழுலகிற்கு நன்கு அறிமுகமானவர். எனினும், அறிஞரிடையே நெடிய விவாதத்தை எழுப்பியது, தமிழ் வீரயுகப் பாடல்கள் குறித்து அவர் ஆங்கிலத்தில் எழுதி 1968இல் ஆக்சுபோர்டு வெளியிட்ட ஆய்வே ஆகும். அவ்வாய்வில் இன்றும் நிலைபெறுவது யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டுதலில் உருவானது அவ்வாய்வு. ஓமரின் காவியங்களை வாய்மொழி மரபினவாக விளக்கிய மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு ஆகியோரின் முறையைக் கைலாசபதி சங்கப் பாடல்களுக்குப் பொருத்தினார். மீண்டும் மீண்டும் வரும் தொடர்களையும் அடைகளையும், எழுத்தின் துணையின்றிப் பாடியோர் கையாண்ட வாய்பாடுகளாக அவர் கொண்டார். பாணரும் பொருநரும் அதுவரை பாடல்களில் வரும் மாந்தராகவே பெரிதும் நோக்கப்பட்டனர். அவர்களை இலக்கிய ஆக்கத்தின் மையத்திற்குக் கொணர்ந்தது அவ்வாய்வின் தனிச்சிறப்பு.

இம்முடிபு மறுப்பின்றி ஏற்கப்படவில்லை. இப்பாடல்கள் பாணர்தம் வாய்மொழிப் பாடல்களை முன்மாதிரியாகக் கொண்டு புலவர்கள் இயற்றியவை என ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வாதிட்டார். ஹெர்மன் டீக்கன் 2001இல் இவற்றைப் பிற்காலக் காவிய மரபோடு இணைக்க முயன்றார். அக்கருத்து கடும் எதிர்ப்பைப் பெற்றது. நூற்சான்றும் சிந்திக்கத்தக்கது. பொருநராற்றுப்படையில் பேசுபவன் பொருநன், பாடியவரோ முடத்தாமக்கண்ணியார். பிறர் குரலில் பாடும் இவ்வுத்தி, பாடுநர்க்கும் புலவர்க்கும் இடையில் ஓர் இடைவெளி இருந்ததை உணர்த்துகிறது. மேலும், வாய்பாட்டுத் தொடர்கள் வாய்மொழி மரபின் எச்சத்தைக் காட்டுமேயன்றி, அவை பயிலும் ஒவ்வொரு பாடலும் எழுத்தின்றி ஆக்கப்பட்டது என்பதை நிறுவமாட்டா.

ஆயினும், முடிபு தளர்ந்தவிடத்தும் வினா தளரவில்லை. பாடியவர் யார், கேட்டவர் யார், பரிசில் எத்தகைய சமூக உறவைக் காத்தது என்னும் வினாக்களைக் கைலாசபதி திறனாய்வின் கடமையாக்கினார். அவரை மறுத்த ஹார்ட்டும் பாணர், புலவர் ஆகியோரின் சமூகநிலையை ஆராய்ந்தே தம் விடையைக் கண்டார். சங்க இலக்கியத்தைப் பழம்பெருமையின் சான்றாக மட்டும் போற்றுவதா, மனிதர் வாழ்ந்த வரலாற்றின் ஆவணமாகவும் கற்பதா என்னும் தெரிவு இன்றைய ஆய்வாளர் முன்னும் உள்ளது. அத்தெரிவைத் தவிர்க்க இயலாததாக்கியதே கைலாசபதியின் நிலைத்த பங்களிப்பு எனலாம்.