அமைதி நாளில் எழவேண்டிய மதில்

அட்லாண்டிக் கரையோரங்களில் ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். மக்கள் கடலை நோக்கிக் காத்திருந்து, பழைய புயல்களை நினைவுகூருவார்கள். ஆனால் நினைவு மட்டும் ஒருவரையும் காப்பதில்லை. டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் தீவு அதற்குச் சாட்சி.

1875-லும் 1886-லும் அதே கரையிலிருந்த இண்டியனோலா துறைமுகம் புயலால் சிதைந்தது. கால்வெஸ்டன் மக்கள் அதைக் கண்டார்கள்; கடல்மதில் கட்டவேண்டுமென்று பேசினார்கள்; பேச்சோடு நின்றார்கள். 1900 செப்டம்பர் 8 அன்று ஏறத்தாழ 15 அடி உயர்ந்த கடல், 9 அடிக்கும் தாழ்ந்திருந்த அத்தீவை மூடியது. குறைந்தது 6,000 பேர் மாண்டனர். புனித மரியாள் அநாதை இல்லத்தின் பத்துக் கன்னியரும் பிள்ளைகளைக் கயிற்றால் தங்களோடு பிணைத்துக்கொண்டு மடிந்தனர். மூன்று சிறுவரே பிழைத்தனர்.

எஞ்சியோர் 17 அடி உயர மதில் எழுப்பினர். மணல் நிரப்பி நகரின் தரையையே உயர்த்தினர். 1915-இல் மீண்டும் பெரும்புயல் மோதியபோது மதில் நின்றது, நகரம் தப்பியது.

நோவா பேழையைச் செய்தது உலர்ந்த நிலத்தின்மேல் அல்லவா? காத்திருத்தல் கைகட்டி நிற்பதன்று. வானம் தெளிந்திருக்கும் இந்நாளிலேயே, நம் பொறுப்பில் இருக்கும் சிறியோருக்காகச் செய்யவேண்டியதைச் செய்வோமாக.