கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு ஒரு கோடைப் பயணம்

வருஷா வருஷம் மே மாதம் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு நானும் மனைவியும் எங்காவது கிளம்பிவிடுவோம். மூன்று வருஷமாக அது அவ்வளவு சுலபமாக இல்லை. காரணம் சிட்டு. எங்கள் தெரு முனையில் மழையில் நனைந்துகொண்டு கிடந்து, பிறகு எங்கள் வீட்டுப் பெண்ணாகிவிட்ட நாட்டு நாய். லாட்ஜுக்கு போன் போட்டு "கூட ஒரு நாய் வருதுங்க" என்று சொன்னதுமே "அதெல்லாம் அலோடு இல்ல சார்" என்று வைத்துவிடுவார்கள். விட்டுவிட்டுப் போகவும் மனசு வராது. கடைசியில் இரண்டு பேர் படுக்கிற மாதிரி ஒரு டெண்ட் வாங்கினோம்.

எங்கே போவது என்ற பேச்சு நடந்தபோது நான் மதுரை ஜில்லாவின் பழைய கெஜட்டியரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906ல் வந்தது. அந்தக் காலத்தில் கோடைக்கானல் போகிறவர்கள் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்குவார்கள். இன்று நாம் கொடைரோடு என்று சொல்கிற ஸ்டேஷன்தான். அங்கிருந்து மாட்டு வண்டியில் 30 மைலுக்குச் சற்று மேல், பெரியகுளத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருந்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை. அங்கிருந்து குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோ, நடந்தோ 11 மைல் மலைப்பாதை. இதை வாசித்துக் காட்டினேன்.

"அப்ப இந்த வழியிலயே போவோமே. தோப்புன்னா சிட்டுவ யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்கல்ல" என்றாள் மனைவி.

அப்படித்தான் இந்தப் பயணம் முடிவானது. வழக்கம்போல முதலில் வரலாறு, பிறகு நாங்கள் செய்த தப்பு.

மலையேறியவர்கள்

இந்த வழியில் கோடைக்குக் குடும்பத்தோடு போனவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்க மிஷனின் கிளையாக 1834ல் மதுரைக்கு வந்தவர்கள். 1842ல் திருமங்கலத்தில் ஆரம்பித்து 1845ல் பசுமலைக்கு மாற்றிய அவர்களுடைய செமினரிதான் இன்றைய அமெரிக்கன் கல்லூரியின் வேர்.

வந்த முதல் பத்து வருஷம் அவர்களுக்கு மோசமான காலம். காலராவும் காய்ச்சலும் பெரியவர்களையும் குழந்தைகளையும் கொண்டுபோயின. உயரமான இடம் தேடி முதலில் சிறுமலைக்குப் போனார்கள். 1838 வாக்கில் அங்கே இரண்டு பங்களா கட்டினார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. மலேரியாவுக்குக் கெட்ட காற்றுதான் காரணம் என்று உலகமே நம்பிய காலம் அது. கொசுதான் அதைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897ல். காரணம் தெரியாவிட்டாலும் தீர்வு கிட்டத்தட்ட சரியாகத்தான் அமைந்தது: இன்னும் உயரமாகப் போவது.

பழனி மலையை 1821லேயே லெப்டினன்ட் வார்டு சர்வே செய்திருந்தார். மிஷனரிகள் அந்த மலையில் ஏறி, ஏறக்குறைய 7000 அடி உயரத்தில் 1845ல் இரண்டு வீடுகளைக் கட்டி முடித்தார்கள். அவற்றின் பெயர் சன்னிசைட், ஷெல்டன். கோடைக்கானல் என்ற ஊருக்கு அதுதான் தொடக்கம். ஏரியெல்லாம் பிறகு 1863ல், கலெக்டர் வேரே ஹென்றி லெவிஞ்ச் காலத்தில் வந்தது. ஆக, இன்று நாம் ஹனிமூனுக்கும் ஸ்கூல் டூருக்கும் போகிற ஊர், செத்துப்போகாமல் இருப்பதற்காகக் கட்டப்பட்ட ஊர்.

மதுரைக்கு ரயில் வந்தது 1875ல். அதற்கு முன்னால் மதுரையிலிருந்தே வண்டிதான். ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூரிலிருந்து வண்டி. இந்த வண்டிப் பயணம் பெரும்பாலும் ராத்திரிப் பயணம். ஏன் ராத்திரி என்று எக்செலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். (தொழில் புத்தி!) மாட்டு வண்டி மணிக்கு இரண்டரையிலிருந்து மூன்று மைல் போகும். 30 மைலுக்குச் சற்று மேல் என்றால் 11 முதல் 13 மணி நேரம். சாயங்காலம் 6 மணிக்கு மாடு பூட்டினால் விடிகிற நேரத்தில் தோப்பு. பாதையில் வெயில் ஏறுவதற்குள் மலையில் பாதி தூரம் போய்விடலாம். நேரக் கணக்கு சரியாக உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் கணக்கு எங்களுக்கும் பொருந்தும் என்பது மட்டும் உறைக்கவில்லை.

எங்கள் தப்பு

நாங்கள் கிளம்பியது காலை பத்தரைக்கு. ஏசி கார்தானே, இரண்டு மணி நேரத்தில் பெரியகுளம் என்று நினைப்பு. வாடிப்பட்டி நெருங்கும்போது ஏசி சூடான காற்றைத் தள்ள ஆரம்பித்தது. கண்ணாடியை இறக்கினால் அதைவிடச் சூடு. ரோட்டோரம் நிறுத்தி, சிட்டுவை இறக்கி ஐந்து நிமிஷம் நடக்கவிட்டேன். தார் ரோட்டில்! இரண்டு எட்டு வைத்ததும் காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். திரும்பக் காரில் ஏற்றியபோது நாக்கு முழுக்க வெளியே தொங்க, மூச்சு ரயில் எஞ்சின் மாதிரி. எச்சில் கெட்டியாக வழிந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றே சூடாக இருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். அதன் இயல்பான உடல் சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பத்தரை மணிக்குக் கிளம்பியிருக்கிறேன்.

பெரிய ரோட்டை விட்டு ஒரு கிளை ரோட்டில் இறங்கினோம். எங்காவது நிழல் வேண்டும். நான்கு வழிச்சாலை ஓரமாக அப்படி ஒரு மரமும் அகப்படவில்லை. கொஞ்ச தூரத்தில் அறுவடை முடிந்த வயல், வரப்பில் ஒரு பெரிய வேம்பு, அதன் கீழே ஒரு அம்மா உலை வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து குரைத்தது. அவர் ஒரு அதட்டல் போட்டார், உட்கார்ந்துவிட்டது.

சிட்டுவைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிவருவதைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "தலைல ஊத்தாதீக தம்பி, வகுத்துல ஊத்துங்க, கால நனைங்க" என்றார். மனைவி துண்டை நனைத்து வீசினாள். அரை மணி நேரம் போயிருக்கும். சிட்டு தலையைத் தூக்கி, கொஞ்சம் தண்ணீரை நக்கினாள். மனைவி அப்போதுதான் அழுதாள்.

"பகல்ல யாராச்சும் நாயக் கூட்டிட்டு ரோட்டுல போவாகளா தாயி? நாங்க ஆடு பத்துறதே வெயில் தாழத்தான்" என்றார் அந்த அம்மா.

வயலில் கூடாரம்

அவர்கள் கீதாரிகள். ராமநாதபுரம் பக்கத்து ஊர். அறுப்பு முடிந்ததும் செம்மறி மந்தையைப் பத்திக்கொண்டு கிளம்பினால் வயல் வயலாகக் கிடை போட்டுக்கொண்டே போவார்கள். பகலில் தாள் மேய்ச்சல், ராத்திரி வலை கட்டி ஆட்டை அடைப்பது. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு எரு. அதற்கு நிலத்துக்காரர் ராத்திரிக் கணக்கில் பணமோ நெல்லோ கொடுப்பார். கணவர் மந்தையோடு போயிருந்தார். சமையல், கொடாப்புக்குள் கிடக்கும் குட்டிகள், எல்லாம் இவர் பொறுப்பு. ராத்திரி காவல் அந்த நாய். நரி வந்தாலும் திருடன் வந்தாலும் முதலில் அதற்குத்தான் தெரியும். வேலை முடிந்ததும் வானத்தைப் பார்த்துப் படுக்கை.

கி. ராஜநாராயணனின் 'கிடை'யும் சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி'யும் படித்தவன் நான். ஆனாலும் கணவன், மனைவி, நாய், கோடை, திறந்தவெளி என்று நாங்கள் காசு கொடுத்து டெண்ட் வாங்கி ஆரம்பித்த விஷயம் இந்தச் சமவெளியில் எவ்வளவு பழையது என்று அந்த வேம்படியில்தான் உறைத்தது. மிஷன் குடும்பங்கள் கோடை வந்தால் சமவெளியை விட்டு ஓடினார்கள். இவர்களுக்கோ அறுத்த வயல் காலியாகக் கிடக்கும் கோடைதான் பிழைப்புக்கான பருவம். அவர்கள் வண்டி ராத்திரியில் போனதும் இவர்கள் மந்தை வெயில் தாழ நகர்வதும் ஒரே கணக்குதான். அதை மீறி நடுப்பகலில் கிளம்பியது இன்ஜினியர் ஒருவன்தான்.

"இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டார். "சிட்டுக்கா." அவருடைய நாயின் பெயரை நானும் கேட்டேன். மணி.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். கேப்பைக் கூழ் கொடுத்தார்கள்.

தோப்பு

ஆறு மணிக்கு மேல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிளம்பினோம். அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம். பழைய வண்டிக்காரர்கள் இந்தத் தூரத்தை ஒரு முழு ராத்திரியில் கடந்திருப்பார்கள். நாங்கள் வேண்டுமென்றே மெதுவாக, ஒவ்வொரு ஊரிலும் டீக்கு நின்று, பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் டெண்ட் போட்டோம். சிட்டு டெண்டுக்குள் வரவில்லை, வாசலில் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் மலையைப் பார்த்தேன். செங்குத்தாக நிற்கிறது. மேலே போக நாங்கள் முயலவில்லை. இன்று அந்தக் காடு 2013ல் அறிவிக்கப்பட்ட கோடைக்கானல் வனவிலங்கு சரணாலயம், அங்கே நாய்க்கு வேலை இல்லை. அது சரியும்கூட.

அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சாதாரண விஷயம் மண்டைக்குள் ஏறியது. வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் போகிற காட் ரோடு முழுதாக வந்தது 1910களில். அதற்கு முன்னால் எழுபது வருஷம், பெட்டி, படுக்கை, கட்டில், கண்ணாடி, காய்ச்சல்காரர்கள், குழந்தைகள் எல்லாமே ஆள் தோளிலும் தலையிலும் மட்டக்குதிரை முதுகிலும்தான் ஏறியிருக்க வேண்டும். தூக்கிய ஆட்கள் இந்தச் சமவெளியிலிருந்தும் மலைக் கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள். யாருடைய உயிரைக் காப்பாற்ற மேலே போனார்களோ அவர்கள் நாற்காலியில். தூக்கியவர்கள் அதே காய்ச்சல் காற்றில் திரும்ப இறங்கி, அடுத்த சுமைக்கு.

ஜே.எஸ். சேன்ட்லர் 1912ல் மதுரை மிஷனின் 75 ஆண்டு வரலாற்றை எழுதினார். பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முதல் பதிப்பாசிரியராக இருந்தவர் இவர்தான். தமிழ்ச் சொற்களை அவ்வளவு அக்கறையாகச் சேர்த்த மனிதர். மிஷனரிகளின் பெயர் கிடைக்கிறது, கட்டிய வீடுகளின் பெயர்கூடக் கிடைக்கிறது. நாற்காலி தூக்கிய ஒருவரின் பெயராவது அகப்படுமா என்று இந்தக் காலத்து நூல்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. 'கூலிகள்' என்ற ஒரு சொல்தான்.

இதோடு ஒப்பிட எனக்கு எடுத்தனூர் ஞாபகம் வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஊர். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் அங்கே கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டு. தொறுப்பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு மாட்டுக்காரன் தன் நாயை எப்படிக் கூப்பிட்டான் என்பது 1400 வருஷம் கழித்தும் நமக்குத் தெரிகிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்துத் தாலுகாவில் சுமை தூக்கியவரின் பெயர் தெரியவில்லை. யார் எழுதினார்கள், யாரைத் தங்களில் ஒருவராக நினைத்து எழுதினார்கள் என்பதைப் பொறுத்த விஷயம் இது. கல் வைத்தவர்களுக்குக் கோவிவன் வேண்டப்பட்டவன்.

இதையெல்லாம் டெண்ட் வாசலில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, நல்ல பாயின்ட் பிடித்துவிட்டோம் என்று. மனைவி வாங்கிப் படித்தாள். முந்தின நாள் பக்கத்தையும் புரட்டினாள். வாடிப்பட்டி, கிடை, கொடாப்பு, கூலிக் கணக்கு, நாய் பெயர் மணி.

"அந்த அக்கா பேரு எங்க?" என்றாள்.

நான் கேட்கவே இல்லை.

திரும்பும்போது விடியற்காலையிலேயே கிளம்பி, அதே கிளை ரோட்டில் போய்ப் பார்த்தோம். வேம்பு இருந்தது. அடுப்புக் கல் மூன்று கரி பிடித்துக் கிடந்தது. வயல் முழுக்கப் புழுக்கை. நிலத்துக்காரரிடம் விசாரித்தேன். "கிடை நேத்தே போயிருச்சே. சோழவந்தான் பக்கம் போறதாச் சொன்னாக" என்றார். அவருக்கும் பெயர் தெரியவில்லை. கீதாரி என்று மட்டும் தெரியும்.

சிட்டு மட்டும் அந்த வேம்படியை நெடுநேரம் மோந்துகொண்டே இருந்தாள்.