மொபைல் வாங்கப் போறீங்களா? முதல்ல 'எக்ஸ்பைரி டேட்' பாருங்க!

பால் பாக்கெட்டையே தேதி பார்த்து வாங்குற நாம, 15,000 ரூபாய் மொபைலுக்கு அதைப் பார்க்கிறதே இல்லை. ஆமாம் மக்களே, மொபைலுக்கும் எக்ஸ்பைரி உண்டு. செக்யூரிட்டி அப்டேட் நிற்கும் நாள்தான் அது.

ஆண்ட்ராய்டில் தெரியவரும் ஓட்டைகளை அடைப்பதுதான் இந்த அப்டேட்டின் வேலை. அது நின்ற பிறகும் மொபைல் ஜோராகத்தான் ஓடும், கேமராவும் பளிச். ஆனால், புது ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. உங்க பேங்க் ஆப், யு.பி.ஐ, ஓ.டி.பி எல்லாமே அதே மொபைல்லதானே இருக்கு?

பிக்ஸல் 8, கேலக்ஸி எஸ்24 மாடல்களுக்கு 7 வருட அப்டேட் என்று அறிவித்தார்கள். பட்ஜெட் மாடல்கள் பலவற்றுக்கு இது ரொம்பவே குறைவு. இதில் ஒரு ட்விஸ்ட்... இந்தக் கணக்கு பெரும்பாலும் மாடல் அறிமுகமான நாளில் இருந்து ஓடும், நீங்க வாங்கிய நாளில் இருந்து அல்ல. ஆஃபரில் கிடைத்த பழைய மாடல் ஒன்றை என் சித்திக்கு வாங்கிக் கொடுத்தேன். எட்டே மாதத்தில் அப்டேட் நின்றது. இன்னமும் திட்டு வாங்கிட்டிருக்கேன்.

ஐபோனும் விதிவிலக்கல்ல. 2014-ல் வந்த ஐபோன் 6-ல், 2025 மே மாதத்தோடு வாட்ஸ்அப்பே நின்றுபோச்சு.

அதனால், கடைக்குப் போகும் முன் அந்த மாடலுக்கு எந்த வருடம்வரை அப்டேட் என்று கம்பெனி தளத்தில் பாருங்க. செகண்ட் ஹேண்ட் என்றால் செட்டிங்ஸில் 'அபௌட் போன்' போய், கடைசி செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்க. அது ஒரு வருடத்துக்கு முந்தையது என்றால், பாட்டு கேட்க வெச்சுக்கலாம். பேங்க் ஆப் மட்டும் வேண்டாம்.