பாக்ஸ்6 மரபணு

பல விலங்குகளின் கருவில் கண் உருவாக இன்றியமையாத படியெடுப்புக் காரணி ஒன்றைத் தரும் மரபணு பாக்ஸ்6. டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு, மரபணுக்கள் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுவதைத் தூண்டும் அல்லது தடுக்கும் புரதமே படியெடுப்புக் காரணி. கண் சிறுத்த, சில சமயம் கண்ணே இல்லாத பழப்பூச்சிகளை 1915-இல் மில்ட்ரெட் ஹோக் விவரித்தார். கண் சிறுத்த எலிகளும், ஐரிஸ் (கண்ணின் நிறப்படலம்) இன்றிப் பிறக்கும் குழந்தைகளும் தனித்தனியே ஆராயப்பட்டு வந்தனர். எலியிலும் மனிதரிலும் பழுதுபட்டது ஒரே மரபணு என்று 1991-இல் தெரிந்தது. பூச்சியிலும் அதுவே என்று 1994-இல் பாசெல் நகரின் வால்டர் கேரிங் குழு காட்டியது.

மறு ஆண்டே அக்குழு அம்மரபணுவை, பூச்சியின் கால், இறக்கை, உணர்கொம்பு ஆகியவையாக வளரவேண்டிய திசுக்களில் இயங்கவைத்தது. அங்கெல்லாம் கண்கள் முளைத்தன. எலியின் மரபணுவை இட்டபோதும் கண் முளைத்தது. ஆனால் அது பூச்சிக்கே உரிய கூட்டுக்கண். 'தலைமை மரபணு' என்ற பெயர் இதனால் பரவியது. அப்பெயர் பாதி உண்மையையே சொல்கிறது என்பதற்கு அந்தக் கூட்டுக்கண்ணே முதல் சான்று. எந்த வகைக் கண் என்பதை முடிவு செய்தது வெளியிலிருந்து வந்த புரதம் அன்று. அப்புரதம் எந்தெந்த இடங்களில் ஒட்டலாம் என்பதை வரையறுத்த பூச்சியின் டி.என்.ஏ.தான்.

ஒரே மரபணு ஓர் உறுப்பையே தொடங்கி வைக்கிறதே, அதைத் தலைமை என்றால் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பூச்சியில் அதற்குக் கீழ்ப்பட்டதாகக் கருதப்பட்ட 'ஐஸ் ஆப்சென்ட்' என்ற மரபணுவைத் தூண்டினாலும் புதிய கண் முளைக்கிறது. அது பாக்ஸ்6-இன் பூச்சி வடிவத்தையும் திருப்பித் தூண்டுகிறது. அது இல்லாவிட்டால் பாக்ஸ்6-ஆல் கண்ணை உண்டாக்க முடிவதில்லை. கோழிக் கருவின் விழிலென்சில், லென்சுக்குரிய புரதமான கிரிஸ்டலினின் மரபணுவைத் தூண்டும் டி.என்.ஏ. துண்டில் பாக்ஸ்6 தனியே சரியாக ஒட்டுவதில்லை. சாக்ஸ்2 என்ற மற்றொரு காரணி துணை நின்றால்தான் உறுதியாக ஒட்டுகிறது. கணையத்திலும் மூளையிலும் இதே புரதம் வேறு வேலைகளைச் செய்வது இதனால்தான் வியப்பளிப்பதில்லை.

அளவும் முக்கியம். மனிதரில் இம்மரபணுவின் இரு பிரதிகளுள் ஒன்று பழுதானாலே ஐரிஸ் சரியாக உருவாவதில்லை. எலியில் இரண்டும் பழுதானால் குட்டி கண்ணும் மூக்கும் இல்லாமல் பிறந்து இறக்கிறது. புரதத்தைக் குறிக்கும் பகுதி முழுதாக இருந்தும் சிலருக்கு இந்த ஐரிஸ் குறை வருகிறது. அத்தகைய ஒருவரிடம், மரபணுவிலிருந்து ஏறத்தாழ 1,50,000 கார இணைகள் (டி.என்.ஏ. எழுத்துகள்) தள்ளியுள்ள ஒழுங்குபடுத்தும் துண்டில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததாக 2013-இல் அறியப்பட்டது. பாக்ஸ்6 புரதம் தன் சொந்த மரபணுவைத் தொடர்ந்து இயக்குவதற்காக ஒட்டும் இடம் அது.